நாலு மணி வெயில்

ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஏழு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும். சமாதானக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமல் போட்டுவிடாதே. உனக்கும் உன் அண்ணனுக்கும் நடுவில் தூது போகிற தெம்பு எனக்கு இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் நாலு மாதம் இருக்கிறது. அதுவரை இந்தக் கால்கள் தாங்கினால் போதும் என்றிருக்கிறேன்.

எழுதுவது ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றி. நீ இன்ஜினியராகவும் உன் அண்ணன் மேஸ்திரியாகவும் நின்று கட்டினீர்களே, வாசலில் ‘பசுமைக் கட்டடம்’ என்று பித்தளைத் தகடு பதித்தார்களே, அதே கட்டடம்தான். ஜனவரியில் என்னை அங்கே மாற்றினார்கள். இரண்டாம் மாடி, பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு, பதினெட்டுக் கட்டில். பொறுப்பு நர்ஸ் நான். வந்த புதிதில் “என் கொழுந்தன் கட்டினது” என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஜனவரிக் குளிரில் யார் எதைக் கட்டியிருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

மார்ச் பாதியிலிருந்து மூன்றரை மணி ஆனால் போதும், மேற்குப் பக்கத்து ஒன்பது ஜன்னல்கள் வழியாகவும் வெயில் நேரே கட்டில்மேல் வந்து படுக்கிறது. கட்டிலின் இரும்புத் தலைப்பைத் தொட முடியவில்லை. மின்விசிறி சூட்டைக் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான். மருந்து அறையிலிருந்த வெப்பமானியைக் கொண்டுவந்து வார்டில் மாட்டினேன். நேற்று நாலு மணிக்கு முப்பத்தெட்டு. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் முப்பத்தேழு! நோயாளிகளைக் கொண்டுபோய் வண்டிகளோடு நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்.

இந்தக் கட்டடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எதைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும்? நடைக்கூடத்தில் கூரைவரை ஒரு செங்கல் கூண்டு போகிறதே, அது எதற்கு? ஜன்னலுக்கு மேலே வெளிச்சுவரில் வரிசையாகப் போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதே, காக்கா உட்காரவா?

உன் அண்ணனைக் கேட்டேன். “கட்டினவனைக் கேளு” என்றார்.

“நீங்களும்தானே கட்டினீங்க?”

“நான் சாந்துக் கரணை பிடிக்கிறவன்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகவே கட்டினவனைக் கேட்கிறேன்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் இருக்கும் தளத்தில் சிக்னல் கிடையாது. எதிரே உள்ள மேட்டில் ஏறினால்தான் போன் பேசலாம். போன் எடுக்காததற்கு அது முழுக் காரணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் குரலைக் கேட்டால் பக்கத்தில் அண்ணன் இருமுவதும் கேட்கும்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். நடைக்கூடத்தில் இருப்பது வெப்பக்காற்று வெளியேறும் கூண்டு. சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாக மொட்டை மாடிக்குப் போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சுவரின் மேல்பகுதியில் மரப்பலகை வைத்த காற்றுவாய்கள் உண்டு. மாலை ஆறு மணிக்கு அவற்றைத் திறந்து, காலை பத்து மணிக்கு மூட வேண்டும். இரவுக் குளிர்ச்சியைச் சுவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். அவை இரட்டைச் சுவர்கள், நடுவில் காற்று இடைவெளி விட்டது. ஜன்னல்களைப் பகலில் மூடியே வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு புத்தகமாக அச்சடித்து நிர்வாகத்திடம் கொடுத்தோம். பயன்படுத்துகிறவர்கள் சரியாகப் பயன்படுத்தினால் இந்தக் கட்டடம் சரியாகவே வேலை செய்யும். பெரும்பாலான இடங்களில் கட்டடத்தின்மேல் தவறில்லை, பழக்கத்தின்மேல்தான் தவறு.

போல்ட்டுகள் பின்னால் செய்ய வேண்டிய சில வேலைகளுக்காக விடப்பட்டவை.

இங்கே ஒரு மாணவர் விடுதி கட்டுகிறோம். தோண்டிய மண்ணையே அச்சில் அழுத்திக் கல்லாக்குகிறோம், சூளை கிடையாது. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த சான்றிதழைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வேலை நிறைய. உடம்பு அலுத்துப்போகிறது.

அண்ணனின் முதுகு எப்படி இருக்கிறது?

தம்பி

&nbsp;

ஏப்ரல் 18

தம்பிக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. இப்போது வீடு வீடாகப் போய்க் குளியலறைக்கு ஓடு பதிக்கிறார். குனிந்தே செய்கிற வேலை. இதற்குமேல் கேட்காதே, நான் தூது இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடியே செய்தோம். உன் கடிதத்திலிருந்து அந்தப் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டினேன். ஆயா தினமும் முக்காலிமேல் ஏறிக் கம்பால் பலகைகளைத் திறக்கிறாள், மூடுகிறாள். “ஜன்னல் தொறக்கறதுக்குத் தனியா ஒரு படிப்பு படிக்கணும்போல இருக்கே சிஸ்டர்” என்று முணுமுணுத்தாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆறு நாள். நாலு மணிக்கு 38, 38, 38½, 38, 37, 38. அந்த முப்பத்தேழு மேகம் போட்டிருந்த நாள். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள், பரவாயில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. காயம் துடைக்கிற பஞ்சில் ஒரு துணுக்கு எடுத்து நூலில் கட்டி, அந்தக் கூண்டின் வாயில் தொங்கவிட்டேன். காற்று மேலே ஏறினால் பஞ்சு ஆடுமில்லையா? பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்துதான் ஆடியது. முப்பத்திரண்டு வருஷமாக மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவள் நான். உன் கூண்டுக்கு மூச்சு இல்லை தம்பி.

வேறு வழியில்லாமல் படுக்கை விரிப்புகளை நனைத்து ஒன்பது ஜன்னல்களிலும் தொங்கவிட்டோம். கொஞ்சம் தாங்கியது. அன்று பார்த்து எங்கிருந்தோ ஒரு குழு பசுமைக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தது. நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

“என்ன சிஸ்டர் இது? இவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கோவணம் கட்டின மாதிரி இருக்கு. அவுத்துப் போடுங்க.”

“நீங்க அரை மணி நேரம் ஒன்பதாம் கட்டில்ல படுங்க சார். அப்புறம் அவுக்கிறேன்.”

அவர் படுக்கவில்லை. நான் அவிழ்த்தேன்.

பழக்கத்தின்மேல் தவறு என்று எழுதியிருந்தாய். வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்கள் எந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் எழுது. பூசி மெழுகாமல் எழுது. பூசுகிறவர் வீட்டில்தான் முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன், பூச்சு எனக்குத் தெரியும்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 26

அண்ணிக்கு,

கூண்டின் மேல்வாய் மூடியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் சாரல் அடித்து நடைக்கூடத்தில் தண்ணீர் தேங்கியது. புறாவும் வந்தது. மழைத்தொப்பி செய்து மாட்ட நேரமில்லை. ஒரு தகரத்தை வைத்துத் திருகி மூடச் சொன்னேன். தற்காலிகமாக என்று நினைத்துத்தான் செய்தேன்.

நிர்வாகத்துக்கு எழுதி அதை எடுக்கச் சொல்கிறேன். கொஞ்ச நாள் கொடுங்கள்.

பஞ்சு கட்டிப் பார்த்தீர்கள் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

தம்பி

&nbsp;

மே 5

தம்பிக்கு,

நிர்வாகத்துக்கு உன்னிடமிருந்து எந்தக் கடிதமும் வந்ததாகத் தெரியவில்லை. அது இப்போது பழைய கதை. இதைப் படி.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். பித்தப்பை அறுவை முடிந்து மூன்றாம் நாள். நாற்பது வயது, வாயாடி. படுத்துக்கொண்டே எல்லோருடைய உடுப்பையும் குறை சொல்வாள். “உங்க யூனிபார்முக்குக் கைக்குழி வெட்டினவன் கையை வெட்டணும் சிஸ்டர்” என்பாள். வியாழக்கிழமை நாலேகால் மணிக்கு நான் பதினாறாம் கட்டிலில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். மேற்குப் பக்கத்து ஆறு பேரை ஏற்கெனவே நடைக்கூடத்துக்கு நகர்த்திவிட்டோம். அதற்குமேல் அங்கே கட்டில் போட இடமில்லை. அவளால் சூடு தாங்க முடியவில்லை. கூப்பிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமே என்று கூப்பிடாமல் தானே எழுந்து நடந்திருக்கிறாள். நாலு அடிதான். கண் இருட்டி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது, தையல் பிரிந்தது.

மறுபடியும் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் கத்திரிக்கோல் பிடிக்கிற கை அது. மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “விரல் அசையுமா சிஸ்டர்?”

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. ‘அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியைக் கவனிப்பின்றி எழுந்து நடக்கவிட்டது ஏன்?’ மே 28 அன்று விசாரணை. வெயிலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வெயிலுக்கு மெமோ கொடுக்க முடியாதே. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பெரிய டாக்டரிடம் ஜன்னலுக்கு வெளியே நிழல் ஏதாவது கட்டித் தரச் சொன்னேன். “ஏற்கெனவே கட்டியிருக்கே சிஸ்டர்” என்றார். அலமாரியிலிருந்து சான்றிதழ்க் கோப்பை எடுத்துக் காட்டினார். ‘மேற்குப் பக்க ஜன்னல்கள் அனைத்துக்கும் இரண்டடி ஆழ வெயில் தடுப்பு’ என்று எழுதி, கீழே மூன்று படங்கள் ஒட்டியிருந்தது. அதற்கும் கீழே உன் கையெழுத்து.

டாக்டரைக் கூட்டிக்கொண்டுபோய் ஜன்னலைத் திறந்து காட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். காட்டவில்லை. கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படங்கள் எந்த ஊர்க் கட்டடம் தம்பி?

அண்ணி

&nbsp;

மே 11

அண்ணிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

படங்கள் இதே கட்டடம்தான். தரைத்தளத்தில், பின்பக்கம், மருந்துக் கிடங்கின் ஜன்னல். மாதிரிக்காக அதில் மட்டும் தடுப்பை மாட்டிப் பார்த்தோம். மற்ற இரும்புச் சட்டங்கள் தாமதமாக வந்தன. சான்றிதழுக்குப் பார்வையிட வருகிறவர் வியாழன் வருகிறார் என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அந்த ஒரே ஜன்னலை மூன்று பக்கமிருந்து எடுத்தேன். ஒன்று கீழேயிருந்து, ஒன்று மரக்கிளையோடு சேர்த்து, ஒன்று ஏணியில் ஏறிக் கிட்டத்தில். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன்.

“எதுக்குடா ஒரு ஜன்னலுக்கு இத்தனை படம்?”

“சும்மாண்ணே.”

வந்தவர் மாடி ஏறவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தபோது அண்ணன் வாசலில் நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. “தாள்ல ஒண்ணு இருக்கு, சுவர்ல ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போடாதே” என்றார். வந்தவர் காதில் விழாத மாதிரி கோப்பைப் புரட்டினார், ஆனால் ஒப்பந்தக்காரர் காதிலும் முப்பது ஆட்கள் காதிலும் விழுந்துவிட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. “கரணை பிடிக்கிறவங்க கரணையை மட்டும் பிடிச்சாப் போதும். படிச்சவன் வேலையில தலையிட வேண்டாம்” என்றேன்.

அவர் கையிலிருந்த கரணையைத் திண்டின்மேல் வைத்தார். குழாயில் கையைக் கழுவினார், நகத்துக்குள் இருந்ததையெல்லாம் எடுத்து நிதானமாகக் கழுவினார். பிறகு போய்விட்டார். அவர் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு மாதத்தில் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு வேறு வேலை வந்தது, பிறகு இங்கே வந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்று சொன்னேனே, எழுதினேன். அனுப்பவில்லை. தகரத்தைப் பற்றி எழுதினால் தடுப்பைப் பற்றியும் கேட்பார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் பசுமைக் கட்டடங்களுக்குக் கையெழுத்துப் போடும் என் தகுதி போகும், இந்த விடுதி வேலையும் போகும். இரண்டு மாதத்தில் கூரை முடிந்துவிடும். அதுவரை அவகாசம் கொடுக்க முடியுமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

தையல்காரம்மாவுக்கு விரல் அசைகிறதா?

தம்பி

&nbsp;

மே 17

தம்பிக்கு,

இரண்டு விரல் அசைகிறது. மற்றவை இன்னும் மாவுக்கட்டுக்குள்.

உன் கடிதத்தை உன் அண்ணன் படித்துவிட்டார். நான் காட்டவில்லை. ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்ததைச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன். பாத்திரம் கழுவ எடுத்தவர் கையில் மெமோவும் சேர்ந்து சிக்கியது. அடுப்படி வாசலில் நின்றபடியே இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தார். “எத்தனை நாளாச்சு?” என்றார்.

“மெமோவா, கடிதமா?”

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், வார்டு வாசலில் நிற்கிறார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. பதினைந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். பையிலிருந்து சுண்ணக்கட்டி எடுத்தார். தரையில் வெயில் எதுவரை விழுகிறதோ அங்கே ஒரு கோடு. கால் மணி நேரம் கழித்து இன்னொரு கோடு. நோயாளிகளுக்கு ஒரே வேடிக்கை. “யாரு சிஸ்டர் இவரு, கட்டம் போட்டு விளையாடறாரு?” என்று தையல்காரம்மா கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். “அதான் பேசாம வேலை பாக்கறாரு” என்றாள்.

ஐந்து கோடு போட்டதும் எல்லோரும் ‘மீசை’ என்று கூப்பிடுகிற காவல்காரரிடம் மொட்டை மாடிச் சாவி கேட்டார். கட்டும்போதிருந்தே மீசைக்கு இவரைத் தெரியும். கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் துரு.

“பாத்தீங்களா?” என்றேன்.

“தகரம் திருகி வெச்சிருந்துச்சு.”

“வெச்சிருந்துச்சுன்னா? எடுத்துட்டீங்களா?”

“பின்னே, பாத்துட்டு வரவா ஏறினேன்?”

யார் அனுமதி, என்ன உத்தரவு என்று நான் கேட்கவில்லை. பஞ்சு ஆடியது தம்பி. நூலோடு மேலே இழுத்துக்கொண்டு ஆடியது. மூன்று நாளாக நாலு மணிக்கு முப்பத்தாறு. இரண்டு டிகிரி. போதாது, ஆனால் ஆறு கட்டிலில் மூன்றைத் திரும்ப உள்ளே போட்டிருக்கிறேன்.

நீ கேட்ட அவகாசத்துக்கு வருகிறேன். விசாரணை 28 என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன், இரண்டு மாதம் என் கையில் இல்லை. ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் போவதில்லை. வெப்பமானிக் கணக்கு எழுதிய நோட்டை மட்டும் கொண்டுபோவேன். தடுப்பு ஏன் இல்லை, கூண்டை யார் மூடினார் என்று கேட்டால் தெரியாது என்பேன். முப்பத்திரண்டு வருஷ வேலையில் நான் சொல்லப்போகிற முதல் பொய். உனக்காக இல்லை. உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச வேண்டாம் என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். “என் வேலை போனா?” என்றேன். “உனக்கு நான் இருக்கேன். அவனுக்கு அங்கே யாரு இருக்கா?” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை நடுவில் வைத்து அரைக்கிறீர்கள். களைப்பாக இருக்கிறது. விடிந்தால் டூட்டி.

அண்ணி

&nbsp;

மே 22

அண்ணிக்கு,

பொய் சொல்ல வேண்டாம்.

இன்று காலை பதிவுத் தபாலில் மூன்று உறை அனுப்பினேன். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு, ஒன்று இங்கே என் முதலாளிக்கு. ஒரே ஜன்னலின் மூன்று படங்கள், தகரம், மாட்டாத சட்டங்கள், நான் போட்ட கையெழுத்து, எல்லாம் தேதியோடு இருக்கிறது. அந்தச் சூட்டுக்கு வார்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் பொறுப்பில்லை என்று தனியாக எழுதியிருக்கிறேன். கையெழுத்து வேண்டாம் என்று ஒரே ஒருவர் சொன்னார், அவர் தளத்து மேஸ்திரி என்றும் எழுதியிருக்கிறேன். அவர் என் அண்ணன் என்று எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

தபால் அலுவலகத்திலிருந்து தளத்துக்கு மூன்று கிலோமீட்டர். நடந்தே வந்தேன். இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

தம்பி

&nbsp;

ஜூன் 6

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது. தரைத்தளத்து ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் கடிதம் மேசைமேல் இருந்தது. நிர்வாக அதிகாரி கேட்டார், “இந்த இன்ஜினியர் உங்களுக்குச் சொந்தமா?”

“கொழுந்தன்.”

“அப்ப உங்களைக் காப்பாத்த எழுதியிருக்கலாம் இல்லையா?”

“தன்னைக் கவுத்துக்கிட்டு எழுதியிருக்கான் சார். நல்லாப் படிச்சுப் பாருங்க. சந்தேகமா இருந்தா மேல வாங்க, மணி நாலாகப் போகுது.”

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்தார்கள். ஆறு நிமிஷம் நின்றார்கள். பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்து, அந்தப் போல்ட்டுகளைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து ஒரு தாள் வந்தது: ‘மெமோ கைவிடப்படுகிறது.’ வருந்துகிறோம் என்று ஒரு சொல் இல்லை. பழக்கம்தானே.

வாசலில் தகட்டைக் கழற்றிவிட்டார்கள். நாலு துளையும் வெளிறிய ஒரு சதுரமும்தான் இருக்கிறது.

தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டு பிரித்தாயிற்று. கட்டைவிரல் மடங்கவில்லை. இடது கையில் வெட்டிப் பழகுகிறாளாம். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “துணிய வெட்டிட்டு அளவு தப்புன்னு சொன்னா வெட்டினது ஒட்டுமா சிஸ்டர்?” என்றாள். பிறகு, “சொல்லாம இருக்கறவங்களும் உண்டு” என்றாள். இரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன். அவளிடம் பேச வேண்டியது நீதான், நான் இல்லை.

இனி வேலை விஷயம். சட்டங்களை உடனே மாட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சலவைக்கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது என்று மீசை சொன்னார். போல்ட் பதித்தவர் யார் என்று கேட்டபோது உன் அண்ணனைக் கூட்டிவந்தார்கள். ஒத்துக்கொண்டார். ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்!

“நெத்திக்கு மேல தொப்பி வெச்சா மூஞ்சியில அடிக்கிற வெயில் நிக்குமா? நாலு மணிக்கு அது நேரா வருது, மேலேர்ந்து வரலை. படுக்க வெக்கிறதை நிக்க வெக்கணும். ஜன்னலுக்கு முன்னாடி தட்டி மாதிரி தொங்கணும்” என்கிறார். தரையில் போட்ட சுண்ணக் கோட்டை எல்லோருக்கும் காட்டுகிறார். நிர்வாக அதிகாரி, வரைபடத்தில் அப்படி இல்லையே என்றார். அதற்கு உன் அண்ணன் என் பக்கம் திரும்பி, “தொங்கவிட்டா மேல் போல்ட் மட்டும் தாங்குமான்னு கேளு. சுவத்துலேர்ந்து எத்தனை அங்குலம் தள்ளி நிக்கணும்னு கேளு” என்றார்.

“யாரைக் கேக்கணும்?” என்றேன் வேண்டுமென்றே.

“கணக்குத் தெரிஞ்சவனை.”

அவ்வளவுதான் சொன்னார். கேட்டுவிட்டேன். தூது போக மாட்டேன் என்று நான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்க்காதே.

அண்ணி

&nbsp;

ஜூன் 14

அண்ணிக்கு,

அண்ணனிடம் சொல்லுங்கள்:

அவர் சொன்னது சரி. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் வரைந்த இரண்டடித் தடுப்பு நாலு மணிக்கு ஜன்னலில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நிழல் கொடுக்கும். ஐந்து மணிக்கு அதுவும் கிடையாது. தாளில் எழுதியபடி எல்லாவற்றையும் நான் ஒழுங்காக மாட்டியிருந்தாலும் அந்தக் கட்டில்களில் வெயில் விழுந்திருக்கும். இது எனக்கு இதுவரை தெரியாது. பொய் எழுதியது ஒரு தவறு. அந்தப் பொய்க்கு அடியில் இன்னொரு தவறும் இருந்திருக்கிறது.

சட்டத்தைச் செங்குத்தாகத் தொங்கவிடலாம். சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி இருக்கட்டும், நடுவில் காற்று ஏறிப் போகும். எடையை மேல் போல்ட் தாங்கும். ஆனால் காற்றடித்தால் சட்டம் சுவரில் மோதும். கீழே இரண்டு போல்ட் புதிதாக வேண்டும். இரட்டைச் சுவரின் வெளிப்பக்கம் மெல்லியது, அதில் துளைத்தால் உடையும். ஜன்னலுக்குக் கீழே கான்கிரீட் பட்டை எங்கே ஓடுகிறது என்று அண்ணனுக்குத்தான் தெரியும். சட்டத்துக்குள் இருக்கும் இரும்புப் பட்டைகளைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் வரும், வெயில் வராது. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

என் செய்தி: இரண்டு வருஷத்துக்கு எந்தப் பசுமைக் கட்டடத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. மண்கல் சோதிக்கிற கொட்டகைக்கு மாற்றிவிட்டார். தினமும் இருபது கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, உடைத்துப் பார்க்கிறேன். உடைந்தால் உடைந்தது என்று எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

தையல்காரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது கடிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை என்று எழுந்துவிட்டேன். ஜூலையில் மூன்று நாள் விடுப்புக் கிடைக்கும். வரலாமா?

தம்பி

&nbsp;

ஜூலை 2

தம்பிக்கு,

வரலாமா என்று என்னைக் கேட்கிறாய். வீடு என்னுடையது மட்டும் என்றால் எப்போதோ வந்து இறங்கு என்று சொல்லியிருப்பேன்.

உன் படத்தை உன் அண்ணன் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் பென்சிலால் திருத்தினார். “கான்கிரீட் பட்டை இங்கே இல்ல, ஆறு அங்குலம் கீழே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் அது பையில்தான் இருக்கிறது, வியர்வையில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. நான் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்து வைத்தால், காலையில் முதலில் அதைத்தான் தேடுகிறார்.

ஒவ்வொரு சட்டத்தையும் துரு சுரண்டிச் சாயம் பூசி ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க மூங்கில் சாரம். வேலை நடக்கிற சத்தத்தில் நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று திட்டுகிறார்கள், நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிந்த ஜன்னல்களுக்குக் கீழே கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டாயிற்று. நேற்று நாலு மணிக்கு அங்கே முப்பத்திரண்டரை. அந்தப் பக்கம் படுத்திருக்கிற பெண் விசிறியைக் குறைக்கச் சொன்னாள். எனக்கு அதை நம்பச் சிறிது நேரம் பிடித்தது.

உன் அண்ணனிடம், தம்பி வரட்டுமா என்று கேட்கிறான் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நீயே எழுதிடு” என்றார். என்னவென்று எழுதட்டும் என்றேன். ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினேழு மாதமாக இந்த வீட்டில் ஒருவர் பேசாததை நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டுத் தாளையும் பேனாவையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்தப் பக்கத்தில் மீதி இடத்தை அவருக்கு விட்டிருக்கிறேன். எழுதினால் எழுதட்டும். எழுதாவிட்டால் வெற்றுத் தாளாகவே உனக்கு வந்து சேரும், நீயே புரிந்துகொள்.

அண்ணி

&nbsp;

ஆறு ஜன்னல் முடிந்தது. மூன்று பாக்கி. ஏழாவது ஜன்னலில் உன் அளவு ஒத்துவரவில்லை, சுவர் கோணல், அது நான் கட்டின சுவர். சாரம் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகும். அதற்குள் வந்தால் ஏறிப் பார்க்கலாம்.